லைட் தானாகத்தான் அணைந்தது

சரவணா, பசியாறிவிட்டாயா? இல்லையென்றால் முதலில் போய்ப் பசியாறிவிட்டு வா. வெறும் வயிற்றோடு உன் அப்பன் எழுத்தைப் படித்தால் தலை சுற்றும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். ஒரு வரியை எழுதிவிட்டு அதைவிட அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. குரலைப் பதிந்து அனுப்பினால் கேட்பதும் இல்லை. அதனால்தான் தாளும் பேனாவும். இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் சிரிக்கும்படி உன்னைப் பற்றி ஒன்று சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னதை உன் காதுக்குள் மட்டும் குசுகுசுவென்று திரும்பப் பெற்றுக்கொண்டால் அது நியாயமாகாது. உன் அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. என்னா நடந்துச்சோ அத அப்படியே எழுதுங்க, எனக்காக ஒன்னும் மறைக்க வேணாம்" என்றாள்.

ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு லைட் தானாகத்தான் அணைந்தது. நீ பொய் சொல்லவில்லை. ஏன் அணைந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டில் நிம்மதி இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உனக்கும் கவிதாவுக்கும் பரிசம் போட்டு, தைப்பூசம் கழித்துக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவுக்கு டுரியான் பழம் சாப்பிடப் போனாய். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைச் சாலையில் இடது பக்கம் வளைகிற ஒரு திருப்பத்தில் லைட் அணைந்தது. மோட்டார் சாலையை விட்டு இறங்கிச் சாக்கடைக்குள் விழுந்தது. உனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்தப் பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கவிதாவின் அப்பா உன்னை விசாரித்துக்கொண்டிருந்தார். கிளார்க் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், எதையும் நேராக நிறுத்திக் கேட்கிற மனுஷன். "லைட்டு தானா அணைஞ்சிருச்சு மாமா. என்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, லைட்டு மட்டும் போயிருச்சு" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் ஓடும். "ஏன்டா, லைட்டு தானா அணைஞ்சிச்சா, இல்ல நீயே அணைச்சிட்டு ரோமான்ஸ் பண்ணுனியா?" என்று கேட்டுவிட்டேன். ஊசி போட வந்த மிஸ்ஸி சிரித்தாள். பக்கத்து பெஞ்சிலிருந்த மலாய்க்காரர்கூட என்ன ஏது என்று தெரியாமல் சிரித்தார். கவிதாவின் அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ ஒன்று முடிவானதை நான் பார்த்தேன். பார்த்தும், அதையும் சிரிப்பாக்க இன்னொரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவரிடமிருந்து செய்தி வந்தது. "பெத்த அப்பனே சொல்றாரு, நான் வேற யார்கிட்ட போய்க் கேக்கறது? கல்யாணத்த இப்போதைக்கு நிறுத்தி வைங்க." நீ என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்களே இப்படி சொன்னா வேற யாருப்பா நம்புவா?" என்று மட்டும் கேட்டாய். அந்த வாரமே ஜோகூரில் வேலை கிடைத்ததென்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். பஸ் நிலையத்தில் உன் அம்மா கையை ஆட்டினாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவள் இன்றைக்கும் அதற்கு உன் கழுத்துவலிதான் காரணம் என்கிறாள்.

உனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் ஒன்று நடந்தது, நினைவிருக்கிறதா? வெறுங்கையோடு வந்து, "பையைக் குரங்கு எடுத்துட்டு போயிருச்சு" என்று நின்றாய். நான் விடவில்லை. "குரங்குக்கு நாளைக்குப் பரீட்சையாடா? கணக்குப் புத்தகத்தையும் சேத்து எடுத்திச்சா?" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தேன். நீ அழுதாய். அப்புறம் மேலே பார்த்தால், மரக்கிளையில் ஒரு குரங்கு உன் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால் எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் நினைத்துக்கொண்டேன். குரங்கை நேரில் பார்த்த பிறகு உன்னை நம்புவதில் எனக்கென்ன பெருமை? குரங்கைப் பார்க்கும் முன்னால் நம்பியிருக்க வேண்டும். மலைச் சாலைத் திருப்பத்திலும் எனக்கு ஒரு குரங்கு தேவைப்பட்டது, சரவணா. நீ போன பிறகு அதைத் தேடிக்கொண்டுதான் அலைந்தேன்.

மோட்டாரை ஜெலுத்தோங்குக்குத் தள்ளிக்கொண்டு போய் ஆ செங்கின் கடையில் விட்டேன். அவனை உனக்குத் தெரியும். நமக்கு அவன் பேசுகிற தமிழ் புரியும், அவன் ஆட்களுக்கு அவன் பேசுகிற சீனம் புரியாது. பல்பை மாற்றினான், சுவிட்சைக் கழற்றித் துடைத்தான், வயர்களை இழுத்துப் பார்த்தான். என்ஜின் ஓடினால்தான் இந்தப் பழைய மோட்டாரில் லைட் எரியும் என்பதால் அதை உறுமவிட்டுக்கொண்டே ஒரு தே தாரேக் டீ குடித்து முடித்தான். லைட் அசையாமல் எரிந்தது. "நல்லா இருக்கு லா, அண்ணே. ஒன்னும் இல்ல" என்றான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கெட்டுப்போகாத லைட்டைப் பார்த்து ஒருவன் எரிச்சல்படுவான் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டுக்கு ஓட்டி வந்தேன், எரிந்தது. நம் சுங்கை பினாங் ஃபிளாட்டின் கீழே நிறுத்திவிட்டு முறைத்தேன். அப்போதும் எரிந்தது. பழுதுபார்க்கிற வேலையில் இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. எப்போதும் கெட்டே கிடக்கிற வண்டியை யாரும் சரிசெய்துவிடலாம். நாம் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நிற்கிற வண்டியை என்ன செய்வது?

சீட்டைக் கழற்றினேன், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். வயர்க்கட்டைப் பிரித்து, என்ஜினிலிருந்து ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே முன்னால் வந்தேன். லைட்டை மட்டும் ஆ செங் திறந்து பார்த்துவிட்டானே என்று விட்டுவிட்டேன். எங்கெங்கோ நான் எப்போதோ சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பிரித்துத் துடைத்துப் புது டேப் சுற்றினேன். கீழ்வீட்டு மணியம் தினமும் வேலை முடிந்து வரும்போது நின்று பார்ப்பான். "என்னாண்ணே, மோட்டாருக்கு ஆப்பரேஷனா? குடும்பத்துல யாராச்சும் கையெழுத்து போட்டாங்களா?" என்று கேட்பான். நானாக இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். ஆனால் ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே, ஒருவேளை இவன் கவனம் தப்பித்தான் விழுந்தானோ, மோட்டார் மேல் பழியைப் போடுகிறானோ என்று நினைத்தேன். ஆம், அப்போதும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் கவிதாவிடமிருந்து போன். அவள் அப்பா கடைக்குப் போயிருந்த நேரம். "மாமா, மோட்டார பிரிச்சுப் போட்டிருக்கீங்களாமே, அத்த சொன்னாங்க. என்னைய யாருமே ஒன்னும் கேக்கல." ஆமாம், அவளை யார் கேட்டோம்? அவள் எது சொன்னாலும் உனக்காகத்தான் பேசுகிறாள் என்று அவள் அப்பா கையமர்த்திவிட்டார். நானோ கேட்கவே இல்லை.

"சொல்லும்மா" என்றேன்.

"லைட்டு போனப்ப மீட்டர் லைட்டும் சேந்து போயிருச்சு மாமா."

"மீட்டர் லைட்ட நீ எப்படிம்மா பாத்த? நீ பின்னாலதான இருந்த?"

"அவரு தோளுக்கு மேல எட்டி மீட்டரத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். வேகமா போறாரான்னு. அப்பா சொல்லித்தான் அனுப்புனாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க சொன்ன ரோமான்ஸு இதான் மாமா" என்றாள்.

சரவணா, வாயால் பிழைக்கிறவன் நான். என்னையே ஒரே வரியில் மடக்கிவிட்டாள். இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் நீ வாதத்தில் ஒருநாளும் ஜெயிக்க மாட்டாய். அது உனக்கு நல்லதுதான். உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். விழுந்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் கேட்பதற்கு முன்னால் விழுந்தவர்களையே கேள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்.

மீட்டர் லைட்டும் சேர்ந்து போனதென்றால் பல்பு மேல் குற்றமில்லை, சுவிட்ச் மேலும் இல்லை. முன்னால் எரிவது, மீட்டரில் எரிவது, பின்னால் சிவப்பாக எரிவது எல்லாவற்றுக்கும் என்ஜினிலிருந்து ஒரே வயர்தான் வருகிறது. முன்னாலிருக்கிற வட்டமான இரும்புக் கிண்ணம் இருக்கிறதே, நாம் லைட்டுச் சட்டி என்போமே, அதற்குள்தான் அந்த வயர் மற்றதோடெல்லாம் சேர்கிறது. அந்த வயரின் உள்கம்பி எங்காவது வண்டியின் இரும்பைத் தொட்டால் கரண்டெல்லாம் அதன் வழியே ஓடிவிடும். விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் போகும், என்ஜின் தன்பாட்டுக்கு ஓடும். தொட்டது விலகினால் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்ப எரியும். நீ சொன்னது அப்படியே அதுதான். இன்னொன்றும் எனக்கு உறைத்தது. நானும் ஆ செங்கும் எப்போதும் ஹேண்டிலை நேராக வைத்துத்தான் பார்த்தோம். நீ இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாய்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு ஃபிளாட்டைச் சுற்றி நாலைந்து ரவுண்டு போனேன். வேகத்தடைகளில் வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். மணியம் வாயைப் பிளந்து பார்த்தான். திரும்ப வந்து நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் ஹேண்டிலை மெதுவாக இடது பக்கம் முழுதாகத் திருப்பினேன். லைட் அணைந்தது. மீட்டர் இருண்டது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நேராக வைத்தேன், எரிந்தது. திருப்பினேன், அணைந்தது. நான் கத்திய கத்தலில் மேலே இருக்கிற ஜன்னல்களெல்லாம் திறந்தன. "அணைஞ்சிருச்சு! ஏ புள்ள, இங்க வா, லைட்டு அணைஞ்சிருச்சு!" லைட் அணைந்ததற்காக ஒருவன் குதித்ததைச் சுங்கை பினாங் அன்றைக்குத்தான் பார்த்தது. உன் அம்மா சாம்பார் கரண்டியோடு கீழே இறங்கி வந்தாள். அவளுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவள் கண் கலங்கியது. "எம்புள்ள பொய் சொல்லலங்க" என்றாள். "இரு, எதனாலன்னும் பாத்துருவோம்" என்று அவள் எதிரிலேயே லைட்டுச் சட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன்.

வயர்களுக்கு நடுவே ஒரு செப்புத் தகடு இருந்தது. கட்டியிருந்த மஞ்சள் நூல் நைந்து தொங்கியது. சுற்றியிருந்த துணி சூட்டில் பொடிந்துபோய் ஒரு ஓரத்தில் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோடும் கட்டமும் கீறி, காய்ந்த சந்தனம் அப்பிய தகடு. அதன் ஒரு முனை சட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹேண்டிலைத் திருப்பியதும் வயர்க்கட்டு இழுபட்டு, மறுமுனை அந்த ஒரே வயர் சேருகிற இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்து ரப்பர் உறை காய்ந்து வெடித்திருந்தது. தகட்டில் அங்கே மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு, பொறி பட்டுக் கருகியது. "எவன்டா இத இங்க கொண்டாந்து..." என்று ஆரம்பித்து நிமிர்ந்தேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அவள் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அவள் எப்படிச் சட்டியைத் திறந்தாள் என்று நீ கேட்க மாட்டாய். அவளை உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மழை நாளில் இந்த மோட்டார் கிளம்ப மறுத்தது. உனக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோய் நின்றேன். இவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போய், இடுக்கியில் பிடித்து அப்பளம் சுடுவதுபோல அடுப்பில் திருப்பித் திருப்பிக் காயவைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். அடுத்த உதையில் கிளம்பியது. அதற்கு அப்புறம் நான் மோட்டாரில் எதைத் திறந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாள். பரிசம் போட்ட பிறகு நீ கவிதாவை ஏற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாயே, அப்போது கோயிலில் சொல்லித் தகடு எழுதி வாங்கியிருக்கிறாள். வண்டியின் முகத்தில் வை, வெளியே தெரியக்கூடாது என்றிருக்கிறார்கள். மோட்டாருக்கு முகம் எது? லைட்தானே. வெண்ணெய் தடவுகிற கத்தியால் ஸ்க்ரூவைத் திருகித் திறந்து, துணியில் சுற்றி, நூலால் வயரோடு சேர்த்துக் கட்டி, மூடிவிட்டாள்.

மேலே போனேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். "என்னா புள்ள, சாமி கரண்டு கனெக்‌ஷன் கேட்டாரா?" என்றேன். சொன்ன உடனேயே என் நாக்கை இழுத்து அறுத்துப் போட்டுவிடலாம்போல இருந்தது. அவள் கோபப்படவில்லை. "சாமி தகடுதானேன்னு நெனச்சேங்க. அது எப்படி எம்புள்ளைய ஒன்னு பண்ணும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "அவன் சின்னக் காயத்தோட தப்பிச்சதே அந்தத் தகட்டாலதான்னு இத்தன நாளு தெனமும் சாமிக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தால் எனக்கு எழுது, சரவணா.

ஆ செங்கிடம் போய்ச் சத்தம் போட்டேன். "சட்டிய தொறந்தியே, அந்தத் தகட்ட நீ பாக்கலயா?" அவன் அதிர்ந்துபோய், "பாத்தேன் லா. உங்க சாமி சாமான், நான் எப்படி எடுக்க முடியும்? கும்புட்டு, நல்லா உள்ள தள்ளி வெச்சேன்" என்றான். அதனால்தான் அவன் கடையில் அணையாமல் எரிந்திருக்கிறது, நான் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் தகடு திரும்ப வெளியே நகர்ந்திருக்கிறது. அவன் தலைக்கு மேலே, சுவிட்ச் பலகையின் மீது சிவப்பு எழுத்தில் அவன் சாமியின் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. நானும் இருபது வருடமாக அதைப் பார்க்கிறேன். அது என்ன, ஏன் கரண்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த ஊரில் நாம் அப்படித்தானே ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொள்கிறோம். அவனை எப்படித் திட்டுவது? ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கவிதா வீட்டுக்குப் புறப்பட்டேன். "நானும் வரேன்" என்று உன் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். வழியில் நான் ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். ரப்பர் உறை வெடித்திருந்தது உண்மைதான், அதை மாற்றாமல் விட்டது நான்தான். ஆகவே பழியை முழுதாக என் தலையில் போட்டுக்கொண்டால் பொய்யும் பாதிதான், வலியும் பாதிதான். கவிதாவின் அப்பா கதவைத் திறந்து எங்களை உட்காரச் சொன்னார். கவிதா கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, லைட்டு தானாத்தான் அணைஞ்சிருக்கு. நான் கண்டுபிடிச்சிட்டேன். வயர்ல ஒறை வெடிச்சு இரும்புல பட்டிருக்கு. நான்தான் மாத்தாம விட்டுட்டேன். பையன் மேல தப்பில்ல, எல்லாம் என்..."

உன் அம்மா கைப்பையைத் திறந்து அந்தத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அவரு எனக்காக சொல்றாருங்க. இது பட்டுத்தான் அணைஞ்சிச்சு. இத உள்ள வெச்சது நானு. உங்க மக கால ஒடைச்சது நான்தான்" என்றாள். குரல் உடையவில்லை. நான் அவளைக் கட்டி முப்பது வருடமாகப் போகிறது. அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அவர் தகட்டைக் கையில் எடுத்தார். கறுப்புப் பொட்டைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "என்னாம்மா இது? வெளக்குக்குள்ள போயி யாராச்சும் செம்பு வைப்பாங்களா? அந்தப் பக்கம் பள்ளமா இருந்திருந்தா ரெண்டு பேரும் இன்னைக்கு..." என்று சத்தம் ஏறிக்கொண்டே போனது. உன் அம்மா தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டாள். கவிதாதான் குறுக்கே வந்தாள். "அப்பா, லைட்டு தானா போச்சுன்னு மொத நாளே நான் சொன்னேன். அவங்க இங்க வந்து சொன்னப்புறம் கத்துறீங்க. நான் சொன்னப்ப ஏன் கேக்கல?" அவர் நிறுத்தினார். எழுந்து வெளியே போனார். கவிதா உன் அம்மாவைப் பக்கத்தில் அழைத்து, "அத்த, கால் சரியாயிரும்" என்று மட்டும் சொன்னாள். விடைபெற வெளியே வந்தபோது அவர் தன் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்து உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "பையன வரச் சொல்லுங்க. அவன்கிட்ட நான் பேசணும். நேர்ல" என்றார். அவர் வீட்டுக்காரி அவருக்குத் தெரியாமல் காருக்குள் என்ன வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறேன்.

உனக்கும் கவிதாவுக்கும் இடையில் நான் போட்ட முடிச்சு இதோடு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அவர் மன்னித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டிருக்கிறார், வா. வந்து அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். நான் சொன்ன வேடிக்கைக்கும் அவர் முன்னாலேயே நீ என்னைத் திட்டு, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதைவிட எனக்குப் பெரிய கவலை உன் அம்மாதான். அவள் இப்போது உனக்குப் போன் செய்வதில்லை, கவனித்திருப்பாய். நீ எடுக்காவிட்டாலும் தினமும் அடித்துக்கொண்டிருந்தவள். இப்போது எடுத்துவிடுவாயோ என்று பயப்படுகிறாள். கோயிலுக்குப் போகிறாள், உள்ளே போவதில்லை. செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள். சமையலில் உப்பு கூடக் குறைய இருந்தால் நான் வழக்கம்போல ஏதாவது சொல்வேன், அவளும் திருப்பிக் கொடுப்பாள். இப்போது "அப்படியா" என்கிறாள். என் கேலிக்கு வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

தகட்டை என்ன செய்வது என்று கேட்டேன். கடலில் போடவா, கோயிலில் கொடுத்துவிடவா? "அவன் வந்து சொல்லட்டும்" என்கிறாள். அதுவரை அது அரிசி டப்பாவின் மேல் கிடக்கிறது.

மோட்டாருக்குப் புது உறை போட்டேன். சட்டிக்குள் வயர்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டினேன். ஆ செங் வந்து பார்த்து, ஒரு வயரைக்கூடத் தொடாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனான். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் உன் அம்மா கீழே வருகிறாள். நான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். அவள் லைட்டுக்கு எதிரே, கண் கூசக் கூச நின்றுகொண்டு, "திருப்புங்க" என்பாள். இடது பக்கம் திருப்புவேன். அணையாது. வலது பக்கம் திருப்புவேன். அணையாது. சட்டியில் தட்டிக் காட்டுவேன். "சரியாயிருச்சு புள்ள, நம்பு" என்பேன். "இன்னொரு தடவ" என்பாள். பெட்ரோல் தீர்கிறதே தவிர அவள் சந்தேகம் தீரவில்லை. மணியம்கூட இப்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான்.

வாழ்க்கையெல்லாம் வேடிக்கை பேசியே காலத்தை ஓட்டியவன் லைட் எரிகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீ வா. நீ ஏறி உட்கார்ந்து, உன் கையால் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பிக் காட்டு. அதற்குத்தான் அவள் தினமும் கீழே வந்து நிற்கிறாள்.